மருதியின் போர்வையில் ஏழு சிவப்பு முக்கோணம்

மழை பொய்யாதிருக்க, மலை அசையாதிருக்க, குடிகள் பசியாதிருக்க. வெண்குடுமி நாட்டுக்கு உடையவரும் பன்னிரு கணவாய்க்குக் காவலருமாகிய கயல்நாச்சிப் பெருந்தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஆனைக்கல் கோட்டைத் தலைவர் இளங்கடம்பனார்க்கு அரண்மனை ஓலைச்சாலையிலிருந்து எழுதிய ஓலை. கோட்டையும் கொத்தளமும் நலமாகுக. தங்கள் குதிரைகளுக்குக் கொள்ளு குறையாதிருக்க. தங்கள் கண்ணுக்குத் தெளிவு உண்டாகுக.

போன சந்தை நாளில் பாலொலி ஆற்றுத் துறையில், பரிசலில் ஏற்ற வைத்த கூடையொன்றைத் தங்கள் வீரர் பிடித்தனர். உள்ளே இருந்தது பழந்துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த ஓர் ஒட்டுப்போர்வை. அதில் ஏழு சிவப்பு முக்கோணங்கள் இருந்தமையால், அவை கோட்டையின் ஏழு காவற்கோபுரங்களே என்றும், அக்கரை நீர்மலை நாட்டுக்குப் போகும் ஒற்று வரைபடம் என்றும் தாங்கள் தீர்மானித்து, கூடை கொண்டுவந்த மருதியைச் சிறையிட்டு, வரும் பௌர்ணமியன்று அவளை நாடு கடத்தத் தீர்ப்பும் எழுதினீர்கள். அரசியார் இதை அறிந்து, மறைமொழி படிக்க வல்லவளென்று ஓலைச்சாலை எழுத்தர் வெண்ணியை அனுப்பினார்.

வெண்ணி யாரெனில், உப்பு வண்டி ஓட்டும் காரியின் மகள். தன் குடியில் முதன்முதல் எழுத்தாணி பிடித்துக் கலைச்சாலையில் தேறியவள். உப்பு விற்கப் போகாமல் இவளுக்கு ஓலை எதற்கு என்று தாங்கள் சபையில் வைத்துக் கேட்டருளினீர்களே, அதே பெண். அவள் மறக்கவில்லை. இவ்வோலையை எழுதுவதும் அவளே.

ஆயினும் அவள் செய்த பிழையை அவளே மறைப்பது முறையன்று. வந்தவள் துண்டுகளை எண்ணினாள், நிறங்களை எண்ணினாள், தையல்களை எண்ணினாள்; ஒன்றும் பிடிபடவில்லை. ஓலை வாரும் கத்தியை எடுத்து ஒரு துண்டைக் கீறி உள்ளே பார்த்தாள். உள்ளே ஒரு பழைய போர்வை. அதற்குள் அதைவிடப் பழையது. அதற்குள் இன்னொன்று, தொட்டால் நூலாய்ப் பிரியும் அளவுக்கு நைந்தது. இது என்ன கூத்து என்று அவளுக்குத் தலை சுற்றியது. பரிசல் கவிழ்த்து வைக்கும் கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கிழித்ததை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள்.

சாட்சி சொன்னது சொன்னபடி பொறிக்கப்பட வேண்டுமாதலால், அங்கிருந்த சாத்தி என்பாள் சொல் இங்கே அப்படியே வருகிறது: அடி ஓலைக்காரி, ஏழு வருஷம் படிச்சுக் கிழிக்கத்தான் கத்துக்கிட்டியா, போர்வைக்குள்ள பழைய போர்வை இல்லாம பலாச்சுளையா இருக்கும், உட்காரு, கிழிச்ச கையாலேயே தைச்சுட்டுப் போ.

வெண்ணி உட்கார்ந்தாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. விரலில் ஊசி ஏறிய இடங்கள் பதினொன்று. ஆனால் கேட்கக் கேட்கக் கேள்வி முளைத்துக்கொண்டே இருந்தது. நைந்த போர்வையை வீசாமல் புதியதற்குள் வைத்துத் தைப்பது இவர்கள் வழக்கம் என்று அறிந்தாள். இக்கரைக்காரிகள் பாதி தைத்துக் கூடையில் அனுப்ப, அக்கரைக்காரிகள் மீதி தைத்து அடுத்த சந்தைக்குத் திருப்பி அனுப்புவதும், முடிந்த போர்வை, எந்தக் கரையானாலும், முதலில் பிள்ளை பிறக்கும் வீட்டுக்குப் போவதும் அறிந்தாள். கயிறு கட்டி இழுக்கும் பரிசலில் பண்டம் ஆற்றைக் கடக்கலாம், ஆள் கடக்கலாகாது என்பது எல்லை உடன்படிக்கை. ஆகவே ஒன்பது ஆண்டுகள் ஒரே துணியில் தைத்தும் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை! தையலை வைத்தே ஆளைச் சொல்கிறார்கள்: இவள் நூலை முறுக்கி இழுக்கிறவள், கோபக்காரியாய் இருப்பாள், இவள் அவசரக்காரி, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருப்பாள், இதோ எதிர்ப்பக்கம் சாய்கிறதே, இவள் இடக்கைக்காரி.

பிறகு வெண்ணி சிவப்பு முக்கோணங்களைப் பற்றிக் கேட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. கோட்டைத் தலைவர் அவர்களே, அது தங்கள் பழைய தலைப்பாகை. பூச்சி அரித்தது போக ஏழு துண்டுகள்தாம் தேறினவாம். அவற்றை வெட்டித் தைத்தவர் தங்கள் மனைவியார். வாரம் இருமுறை அக்கொட்டகைக்கு வருகிறவர். மருதியைப் பிடித்த அன்றே அவர் தங்களிடம் உண்மையைச் சொல்ல வந்ததாகவும், அடுக்களைப் பேச்சை அலுவலுக்குள் கொண்டுவராதே என்று தாங்கள் வாயடைத்ததாகவும் அவரே கையொப்பமிட்டுச் சாட்சி அளித்துள்ளார். அவ்வோலை இதனுடன் கட்டப்பட்டுள்ளது, பொறுமையாகப் படிக்க.

இதன்பின் வெண்ணி சிறைக்குச் சென்று மருதியைக் கண்டாள். எப்போது விடுவார்கள் என்று கேட்பாள் என நினைத்துப் போனவளிடம் மருதி கேட்டது வேறு. போன முறை வந்த துணியில் இடக்கைக்காரி ஒரு சாண்தான் தைத்திருந்தாள், அதுவும் தள்ளாடித் தள்ளாடி. காய்ச்சலா, கண் மங்குகிறதா, பிள்ளை உண்டாகியிருக்கிறாளா, உங்கள் படிப்பில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா தாயி என்று கேட்டாள். வெண்ணியின் படிப்பில் வழி இல்லை. அரசியாரிடம் இதைச் சொன்னபோது அவரும் நெடுநேரம் அதையே யோசித்தார். யாராயிருக்கும், என்னவாயிருக்கும் என்று இருமுறை கேட்டார்.

ஆதலால் பெருந்தேவியார் ஆணை யாதெனில்: மருதி குற்றமற்றவள். இவ்வரி வாசிக்கப்படும்போதே சிறைக்கதவு திறக்கப்படுக. மீதியைக் கதவு திறந்தபின் வாசிக்கலாம்.

தாங்கள் விதித்த தீர்ப்பை அரசியார் முழுதும் தள்ளிவிடவில்லை. பௌர்ணமியன்று மருதி ஆற்றைக் கடப்பாள். குற்றவாளியாக அன்றி, அரச முத்திரை பெற்ற விருந்தாளியாக, போர்வைக் கூடையுடன், விரும்பிய நாளில் திரும்பிவரும் உரிமையுடன் கடப்பாள். நீர்மலை மன்னர்க்கு இதுபற்றித் தனியோலை சென்று இசைவும் வந்துவிட்டது. இடக்கைக்காரியின் வீட்டுக் கதவைத் தட்டி, அவளுக்கு என்னவென்று அறிந்து வருவதே மருதிக்கு இட்ட அரச பணி. அவள் ஏறும்போது பரிசல் ஆடாமல் பிடித்துக்கொள்ளத் தாங்களே துறைக்குச் செல்க.

சிவப்பு நூல் சுற்றி, அரக்கில் கெண்டை முத்திரை பதித்து, பெருந்தேவியார் கண்முன் கட்டிய ஓலை இது. மீறுவோர் மீது மலை சரிக. நிறைவேற்றுவோர் குடி தழைக்க. எழுதினேன், காரி மகள் வெண்ணி.