சிவப்பு விழுந்த கொல்லை

4-6-2022, சனி
மண் நனைஞ்சு கிடக்கிறது. சாமைக்கு உழவு ஓட்டணும். கொளஞ்சியப்பன் இன்னும் ஏர் பூட்டவில்லை. நான் பெத்த பிள்ளைதான், சோம்பலை மட்டும் எங்கே வாங்கினானோ.
அவன் மகள் செவ்வந்தி காலேஜிலிருந்து வந்திருக்கிறாள். பொங்கலுக்கு வராதவள். மறக்கவில்லை நான்.

6-6-2022
செவ்வந்தி கம்ப்யூட்டரில் நம்ம மலையைக் காட்டினாள். வானத்திலிருந்து எடுத்த படமாம். எது காடு, எது பயிர் வைக்கிற கொல்லை, வர்ற வருசம் எது எதுவாக மாறும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் படிப்பாம்.
"ஒரு எடத்துக்கு ஏகப்பட்ட சேதி இருக்கு ஆயா. சரிவு, ரோடு எவ்ளோ தூரம், பக்கத்துல இன்னா பயிரு... ஒண்ணு சொன்னதையே இன்னொண்ணும் சொல்லும். எல்லாத்தையும் பிழிஞ்சு ரெண்டு மூணா ஆக்கிடுவேன்."
"சக்கையை இன்னா பண்ணுவ?"
"அதுல சேதி கம்மி. வுட்டுடுவேன்."
மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையைப் போட்டு அடுப்பாவது எரிக்கிறான். இவள் சும்மா விட்டுவிடுவாளாம்!
நம்ம கொல்லை எது என்று கேட்டேன். சின்னக் கட்டம் ஒன்றைத் தொட்டாள். சிவப்பு. சிவப்பு என்றால் மரவள்ளி. ரோட்டோரம், சரிவு கம்மி, சுத்தி எல்லாரும் மரவள்ளிக்குப் போயாச்சு, அதனால் இதுவும் மாறுமாம்.
நான் வாக்கப்பட்டு வந்த வருசம் காட்டிலாகா ஆபீசருங்க ரெண்டு பேர் இப்படித்தான் கலர் படம் கொண்டாந்தாங்க. எங்க மேட்டுக்கொல்லைக்குப் பச்சை பூசியிருந்துச்சு. "சும்மா படம்தாம்மா"ன்னான் ஒருத்தன். மறுவருசம் காட்டு எல்லைன்னு கல்லு நட்டாங்க. அதோட மேட்டுக்கொல்லை போச்சு. அவன் சட்டையில் ரெண்டாவது பொத்தான் இல்லை. இப்ப எதிரே வந்தாலும் அடையாளம் சொல்வேன்.

7-6-2022
கொளஞ்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "டேய், கலர் பூசிட்டாங்கடா. கலர் பூசினா அடுத்தது கல்லு வரும்."
செவ்வந்தி சிரித்தாள். "ஆயா, இது உத்தரவு இல்ல. நான் போட்ட கணக்கு."
"அவனும் சிரிச்சிக்கினேதான்டி சொன்னான்."
கொளஞ்சி சிரிக்கவில்லை.

8-6-2022
செவ்வந்தி கள்ளக்குறிச்சி பஸ் ஏறிவிட்டாள். விதைச் சாமையை வெயிலில் காயப் போட்டேன்.

15-6-2022
போச்சு. எல்லாம் போச்சு.
கொளஞ்சி கொல்லையைச் சின்னசேலம் அரங்கநாதனுக்குக் குத்தகைக்கு வுட்டுட்டு வந்து நிக்கிறான். மரவள்ளி போடவாம். ஏன்டான்னு கத்தினேன்.
"நீதானம்மா சொன்ன, கலர் பூசினா கல்லு வரும்னு. சிவப்பு பூசின எடத்துல சாமை போட்டா சும்மா வுடுவாங்களா? மரவள்ளி போட்டா கொல்லையாவது நம்ம பேர்ல நிக்கும்."
அரங்கநாதன்! அவன் அப்பன் நான் பொறுக்கின கடுக்காயை வாங்கறப்ப தராசுல ஏச்சவன். அவனுக்கா என் கொல்லை?
கொளஞ்சியை அடிக்கக் கை ஓங்கினேன். எதுக்கு அடிக்கிறது — என் வாயில வந்ததைத்தானே அவன் திருப்பிச் சொல்றான்?

22-6-2022
டிராக்டர் வந்தது. நான் போகவில்லை. சத்தம் வூட்டு வரைக்கும் வந்தது.

23-6-2022
சாமைக்கு ஊடால அவரை, மொச்சை, ஓரத்துல ஆமணக்கு போடுவேன். அதெல்லாம் செவ்வந்தி பிழிஞ்சதுல சாறா, சக்கையா?

30-10-2022
சாமை அறுக்கிற நாள். அறுக்க ஒன்றும் இல்லை.

12-2-2023, ஞாயிறு
போன வருசம் போட்ட கணக்கு பலித்ததா என்று நேரில் பார்க்க செவ்வந்தி வந்தாள். கொல்லைக்குக் கூடப் போனேன். மரவள்ளி என் தலைக்கு மேலே நிற்கிறது. அவள் போனில் எதையோ அழுத்தினாள்.
"இன்னாடி போட்ட?"
"சரின்னு, ஆயா." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொல்லை ஏன் மரவள்ளிக்குப் போச்சுன்னு அப்பன் சொல்லியிருப்பான்.
"ஏன் மாறுச்சுன்னு எழுத எடம் இருக்கா அதுல?"
"இல்ல ஆயா. மாறுச்சா இல்லையா, அவ்ளோதான்."
"அப்ப என் பேரு அதுல வராது."
அவள் போனைப் பைக்குள் போட்டாள்.
வீட்டுக்கு வந்ததும் பானையிலிருந்த விதைச் சாமையை எடுத்துக் குத்தினேன். கஞ்சி காய்ச்சினேன். செவ்வந்தி ரெண்டாம் தரமும் வாங்கிக் குடித்தாள். "நல்லா இருக்கு ஆயா" என்றாள்.
விதை என்று நான் சொல்லவில்லை.