தெருவில் கொட்டிய சக்கை

அம்மா,

சண்டையின்போது இருந்தவர்கள்: நான், உன் தம்பி ஷௌகாங் மாமா, மூக்கில் ரத்தம் நிற்காமல் கட்டிலில் அப்பா.

அப்பாவுக்குக் கொடுத்தது வெறும் இலந்தைப்பழக் கஷாயம் என்று மாமா உன்னிடம் சத்தியம் செய்தார். ஆனால் மிதித்து நடப்பவர் காலோடு நோய் போகட்டும் என்று, வழக்கம்போல் கஷாயச் சக்கையைத் தெருவில் கொட்டியிருக்கிறார். இரவு வேலை முடிந்து வந்த நான் அதை மிதித்தேன். செருப்பில் ஒட்டியது சிவப்பு தான்ஷென் வேர். ரத்தம் உறையாமலிருக்க அப்பா விழுங்கும் வார்ஃபரின் மாத்திரையோடு அது சேரவே கூடாது; சேர்ந்தால் ரத்தம் நிற்காது.

"ரெண்டாம் வருஷமே மருந்துக் காலேஜ விட்டு ஓடுன பய, எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"ஓடுறதுக்கு முன்னாடியே இதச் சொல்லிக் குடுத்துட்டாங்க மாமா."

கஷாயப் பானையைச் சுவரில் அடித்து உடைத்தேன். அவர் மூடியால் என் நெற்றியைக் கிழித்தார். நான் அவர் முன்பல்லைப் பெயர்த்தேன். வருத்தமில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன். சக்கையும் பையில் இருக்கிறது, டாக்டரிடம் காட்ட. கஞ்சி அடுப்பில். செருப்பைக் கழற்றாதே, பானை ஓடு கிடக்கும்.

பி.கு. மாமாவிடமிருந்து பிடுங்கிய நம் வீட்டுச் சாவி அரிசி டப்பாவில் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பது உன் இஷ்டம். "எங்கக்கா வரட்டும், அப்புறம் யாரு வெளிய நிக்கிறாங்கன்னு பாப்போம்" என்றார். படியில் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினேன்.