உன் அறையில் பழைய பெயின்ட் இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பிரித்துப் படிக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் சுகம். உன்னையும் மாப்பிள்ளையையும் பற்றி அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டதாமே. அதுவும் அம்மா சொன்னதுதான்.

போன மாதம் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை நான் படித்துவிட்டேன். அவள் காட்டவில்லை. மேசைமேல் கிடந்தது, எடுத்துப் படித்தேன். தப்புதான். 'நம்ம வீட்டுப் பெயின்ட் ரொம்பப் பழசும்மா, உரிஞ்சு உரிஞ்சு விழுது. அந்தக் காலத்துப் பெயின்ட்ல ஈயம் கலந்திருப்பாங்க. தவழ்ற பிள்ளை கையில ஒட்டி வாய்க்குப் போயிடும். அதை எடுக்காம நான் பிள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன்' என்று எழுதியிருந்தாய். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நீயும் இதே தரையில் தவழ்ந்துதானே வளர்ந்தாய், உனக்கு என்ன ஆகிவிட்டது என்று அம்மாவிடம் குதித்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "ஒண்ணைப் பறிகொடுத்தவ பயப்படத்தான் செய்வா" என்றாள்.

மறுநாள் காலையிலேயே ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். எடுத்த எடுப்பில் எதையும் விற்கவில்லை. முதலில் உன் அறையில் ஒவ்வொரு இடத்திலிருந்தும் துளி பெயின்டைப் பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். முடிவு வந்தது. கதவிலும் அலமாரியிலும் ஈயம் இல்லை. ஜன்னலில் இருந்தது. நீ சொன்னது சரி. ஜன்னலையும் நானே சூடு காட்டிச் சுரண்டிக்கொள்கிறேன் என்றதற்கு, "ஈயம் இருக்கிற இடத்துல சூடு காட்டவே காட்டாதீங்க சார், புகையா மாறி நேரா நெஞ்சுக்குள்ள போயிடும். அதுக்குன்னு பழகின ஆளுங்க இருக்காங்க" என்றார். அவர்கள் இரண்டு பேர் வந்து, அறையைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது இருப்பது புது ஜன்னல்.

ஈயம் இல்லாவிட்டாலும் உரிந்து விழுகிற பெயின்ட்தானே, அதனால் கதவும் அலமாரியும் என் பங்கு. அதற்கு, அனல்காற்றை ஊதிப் பெயின்டை இளக்குகிற ஹீட் கன் என்று ஒன்று வாங்கினேன். பார்த்தால் தலைமுடி உலர்த்துகிற கருவிபோல் சாதுவாக இருக்கும். அதன் மூக்கைத் தொட்டால் தோல் உரிந்துவிடும். நான்கு விரல் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெயின்ட் மெல்லக் கொப்பளிக்கும்போது சுரண்டுகிற தகட்டை அடியில் கொடுத்துத் தள்ளினால் பாலாடைபோல் சுருண்டு வரும். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் செய்தேன். திரைச்சீலையைக் கழற்றிவிட்டேன், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். என் கோலத்தைப் பார்த்து, திருடப் போகிறவன் மாதிரி இருக்கிறேன் என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கதவில் வெள்ளைக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ஒரு நீலம் வந்தது. பத்தாவது படிக்கும்போது என்னைக் கேட்காமல் நீயே பூசினாயே, அந்த நீலம். நான் கத்திவிட்டு ஒரே வாரத்தில் அதன்மேல் பச்சை அடித்தேன். அதைச் சுரண்டத்தான் நேரம் பிடித்தது. கை வேகமாகப் போக மறுத்தது.

மூன்றாம் நாள் ஒரு தவறு செய்தேன். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவனுக்கு இதென்ன பெரிய வேலை என்கிற மிதப்பு. கதவு நிலையின் மேல்மூலையில் பெயின்ட் விடாப்பிடியாக இருந்தது. நானும் விடாமல் ஒரே இடத்தில் சூட்டைப் பிடித்தேன். பிறகு கருவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அரை மணி கழித்து, ஏதோ கருகுகிறது என்று அம்மா எழுந்து ஓடினாள். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் எத்தனை வருஷத்துத் தூசியோ, உள்ளே கனன்றுகொண்டிருந்தது. நெருப்புக்கூட இல்லை, நூல்போல ஒரு புகை. அம்மாதான் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். "எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க, உள்ள வெந்துகிட்டே இருக்கும்" என்றாள். கதவைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

அதன்பிறகு வேலையைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு, எங்கும் புகைகிறதா என்று பார்த்தபடி ஒரு மணி நேரம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். உன் கட்டில் இல்லாத அறை. தினமும் அந்த ஒரு மணி நேரத்தில் இந்தக் கடிதத்தை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், முதல் குழந்தை தங்காமல் போன அன்று, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "வேலை வேலைன்னு ஓடினா இப்படித்தான் ஆகும்" என்று சொன்னேன். நீ கண்ணை மூடியிருந்தாய். தூங்கிக்கொண்டிருந்தாய், கேட்டிருக்காது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ விழித்துக்கொண்டுதான் இருந்தாய். அப்போதே எனக்குத் தெரியும். டாக்டர் அதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். தெரிந்தும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அறை தயாராகிவிட்டது. சுரண்டிய தூளையெல்லாம் பையில் கட்டி அகற்றி, தரையை ஈரத்துணியால் நானே நான்கு தடவை துடைத்தேன். தூசியை எடுத்து மறுபடி சோதிக்கக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்று வந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம், அந்தத் தாளைப் படித்துப் பார். வருவதும் வராததும் உன் முடிவு. வரச் சொல்லி அம்மா மூலமாகக்கூட உன்னை நெருக்க மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது, ஃபோனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போடும்படி அவளிடம் சொல். நான் நடுவில் பேச மாட்டேன். குழந்தையின் சத்தம் கேட்கும் தூரத்தில் நின்றுகொள்கிறேன்.

உன் வரவை நினைத்தபடி,
அப்பா