ஓரமும் தெரிகிற கெமரா

பெப்ரவரி 3, திங்கள்

நல்ல வெயில். ரப்பர் மரங்கள் இலை கொட்டி முடித்துத் துளிர்க்கத் தொடங்கியிருக்கின்றன. குவாட்டஸ் வீட்டு வாசல் முழுக்கச் சருகு. மிதிபடும் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இவர் என்றால் இடது செருப்பு இழுபடும்.

பருப்பில் கல் பொறுக்கினேன். ஒன்று தப்பிவிட்டது. இவர் பல்லில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. மிச்சத்தையும் சாப்பிட்டு எழும்பினார். முன்பு என்றால் அரைமணி நேரம் பேச்சு நடக்கும். இப்போது நல்ல மனுசனாகிவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஃபெக்டரியால் வந்ததும் போனில் கெமரா வீடியோ. பேசுகிறவன் இந்திக்காரன். இவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. கேட்டேன்.

"நம்பரெல்லாம் இங்கிலீசுலதானே சொல்றான் டீச்சர். அது போதும்."

எலக்ட்ரீசியன் புத்தி. எந்த மெஷினுக்கும் நம்பர் தெரிந்தால் போதும்.

மகள் செல்வி பழைய சின்னக் கெமராவை இங்கேதான் விட்டுப் போயிருக்கிறாள். நாங்கள் போகப்போகும் பயணத்துக்கு அது பத்தாதாம். பெரிசு வேண்டுமாம். சூம் உள்ளது.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும் பாட்டு இங்கு வரைக்கும் கேட்டது. பிள்ளைகள் இரண்டாவது வரியில் வழக்கம் போல அவசரப்பட்டார்கள். திருத்த ஆள் இல்லை. டிசம்பரோடு நான் வேலையை விட்டாயிற்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றது தெரியாமல் இடித்துத் தள்ளிவிட்டேன். நெற்றியில் காயம். அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன்.

கையை நீட்டி ஒரு வளையலைப் பிடித்து, அதற்குள்ளால் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கு உலகம். அந்த நடு வட்டம் தெளிவு. சுற்றி ஒன்றும் இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. இல்லை, அவ்வளவுதான்.

கொழும்பு டொக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். ஓரத்தில் இருந்து அழிந்துகொண்டு வருகிறது, நடுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது, பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் கேட்டார், "எத பாக்கணும் புள்ள?" கோச்சியில் மலை ஏறணும் என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

பிறந்தது ரம்புக்கனைக்குப் பக்கத்தில், ரயில் பாதையோரத்து ரப்பர் தோட்டம். கோச்சி பின்னால் இன்னொரு இஞ்சினைக் கொழுவிக்கொண்டு முக்கி முக்கி மலை ஏறுவதைக் கேட்டே வளர்ந்தவள். ஏறிப் போனது ஒரே தடவை. பண்டிகைக் கூட்டம். கடுகண்ணாவை வரைக்கும் முன்னால் நின்ற ஆளின் முதுகைத்தான் பார்த்தேன். கோடு போட்ட சட்டை.

பெப்ரவரி 6, வியாழன்

சண்டை. என் வாய்தான்.

இவர் ஆசையாகத்தான் சொன்னார். "நல்ல கெமரா வாங்கிட்டா எல்லாத்தையும் எடுத்து வச்சிடலாம். பொறகு வீட்டுல உக்காந்து ஆறுதலா பாக்கலாம்."

"பொறகு யாரு பாக்குறது?"

 ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. எழும்பி அதை நிற்பாட்டினார். பிறகு தண்ணீர் மோட்டரில் ஏதோ சத்தம் வருகிறது என்று வெளியே போனார். மோட்டர் போடவே இல்லை.

திரும்பி வந்தபோது மூக்கை உறிஞ்சினார். கேட்டேன். "ரப்பர் பூ தொடங்கிருச்சு. ஒத்துக்கிறதே இல்ல."

இப்படி ஒரு வியாதி இவருக்கு முன்பு இருந்ததாக ஞாபகம் இல்லை. கசாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்தார்.

பெப்ரவரி 8, சனி

செல்வி கண்டியில் இருந்து போன் எடுத்தாள். போனிலேயே போட்டோ எடுக்கலாமே, எதற்குக் கெமரா என்றாள். அப்பாவிடம் சொல்லாதே, மனம் உடைந்து போவார் என்றேன்.

போனில் எனக்குச் சரிவராது என்பதை அவளுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. திரை பெரிசு. என் வளையலுக்குள் அடங்காது. பல்லி பிடிக்கிற மாதிரி ஒவ்வொரு மூலையாகத் தேட வேண்டும். சின்னக் கெமராவோ, வெயிலில் கொண்டு போனால் திரையில் என் மூக்குத்தான் தெரிகிறது.

இவர் கேட்டுச் சேர்த்த புத்திமதிகள்: ஃபெக்டரி கிளாக்கர், சூம் இருக்கணும். பெல்மதுளை ஸ்டூடியோக்காரர், சூம் இருக்கணும். தோட்ட ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா, பாரம் குறைவாகவும் சூம் கூடவும் இருக்கணும். கண் தெரியாதவளுக்கு எல்லாவற்றையும் கிட்டத்தில் கொண்டு வந்து காட்டினால் போதும் என்று ஊருக்கே ஒரு முடிவு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 15, சனி

இரத்தினபுரி போய் வந்தோம். எழுத நிறைய இருக்கிறது. வரி தப்பாமல் ரூலரை வைத்து மெதுவாக எழுதுகிறேன்.

பஸ்ஸில் சனம். இறங்கும்போது படி தப்பியது, விழவில்லை. கடை மணிக்கூட்டுச் சந்திக்குப் பக்கத்தில், மாடியில். முதலாளி சிங்களவர், வயசானவர், மரியாதையானவர். எடுத்த எடுப்பில் மாணிக்கக் கல் போட்டோ எடுக்கவா என்று கேட்டார். அந்த ஊரில் கெமரா வாங்க வருகிற எல்லோரும் கல் வியாபாரிகள்தான் போல. ஒரு நீலக்கல்லை மேசையில் வைத்து, அதன் உள்ளே இருக்கிற கீறல் வரைக்கும் காட்டினார். இவர் சிங்களத்தில் சொன்னார், கல் இல்லை, மலை பார்க்கணும். நோனாவுக்கு, அதாவது எனக்கு.

பிறகு சூம் கெமரா வந்தது. இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜன்னலால் நீட்டி, "இங்க பாரு, அந்தக் கம்பத்துல குந்தியிருக்கிற காக்கா கண்ணு தெரியுது" என்றார்.

பார்த்தேன். திரை முழுக்க ஒரு கறுப்பு உருண்டை. காக்கா எங்கே, கம்பம் எங்கே, தெரு எங்கே? ஒன்றும் இல்லை. எனக்கு இருப்பதே சூம்தானே. அதற்கு மேல் இன்னொரு சூமைப் போட்டால் என்ன ஆகும்?  இந்த மனுசன் முகத்தில் எவ்வளவு சந்தோசம் என்று குரலிலேயே தெரிந்ததால் "நல்லா இருக்குங்க" என்றேன்.

என் கதிரைக்குச் சற்றுப் பின்னால் நின்றபடியே பில் போடச் சொன்னார்.

அப்போதுதான் முதலாளி பக்கத்தில் இருந்த இன்னொரு கெமராவை மேசையில் வைத்தார். கட்டையான லென்ஸ். வீட்டுக்குள், கோயிலுக்குள் எடுக்கிறதுக்கு, அகலமாக விழும், ஆனால் சூம் கிடையாது என்றார். திரையை மேலே திருப்பி, லென்ஸும் திரையும் எங்களைப் பார்க்க வைத்திருந்தார். நான் ஒரு கை தூரத்தில் கதிரையில். சும்மா பார்த்தேன்.

முழுக் கடையும் அதற்குள் இருந்தது. மேலே சுழலும் ஃபேன். கதவு. கதவுக்கு வெளியே படி. சுவரில் கலண்டர். எல்லாம் வளையலுக்குள், ஒரு மிச்சமும் இல்லாமல்.

நடுவில் இவர். தலையில் இருந்து செருப்பு வரைக்கும்.

பக்கத்தில் வந்தால் எனக்கு இவர் ஒரு மீசை, இல்லை ஒரு சட்டைப் பொத்தான். தூரத்தில் போனால் முழு ஆள், ஆனால் குருவி அளவு. எத்தனை வருசமாகவோ இவரை இப்படிப் பார்க்கவில்லை. மெலிந்துவிட்டார். பெல்ட்டின் நுனி இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய்க் கிடக்கிறது. தலை இவ்வளவு நரைத்ததை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. நான் கதிரையில் இருக்கிறேன், இவருடைய ஒரு கை என் முழங்கைக்குப் பக்கத்தில், தொடாமல், பிடிக்கத் தயாராக நீண்டபடி. பில்லைப் பார்த்துப் பேசுகிறார், கை மட்டும் இங்கே. எப்போதும் அப்படித்தானா? எனக்கு எப்படித் தெரியும்.

"இதுதாங்க வேணும்."

"இதுல சூம் இல்லையே புள்ள."

"சூம் வேணாங்க. நீங்க முழுசா தெரியுறீங்க."

முதலாளிக்குத் தமிழ் விளங்காது என்றாலும் உள்ளே போய்விட்டார். இவர் மூக்கைச் சிந்தினார்.

"ரப்பர் பூ" என்றார். டவுன் நடுவில்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கெமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். முழுசாகப் பார்த்தவை: குவாட்டஸ் முன்பக்கம், துணிக்கொடி, பலா மரம் அடி முதல் உச்சி வரை, நாய். நாய்க்கு வால் நுனி வெள்ளை என்பதையே மறந்து போயிருந்தேன். ஒரு தடவை அழுதேன், துணிக்கொடி பார்க்கும்போது. எதற்குத் துணிக்கொடிக்கு அழுதேன் என்று தெரியவில்லை. என்னுடைய சேலையும் இவருடைய காக்கிச் சட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒரே நேரத்தில் இரண்டையும் பார்த்தது அதனால்தான் இருக்கும்.

எதையும் படம் எடுக்கவில்லை. இவரும் எடு என்று சொல்லவில்லை. பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே இந்த வீட்டில் இப்போது இல்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

சாமான்: ஸ்வெட்டர் 2, பெட்டரி 2 (சார்ஜ் போட்டாயிற்று), கருவாட்டுச் சம்பல், என் மருந்து, இவருக்குத் தும்மல் மாத்திரை. மாத்திரை வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்தார். நான் திரும்பவும் உள்ளே வைத்தேன்.

இன்று காலையில் டீ கப்பைத் தேடினேன். மேசையில், நேரே முன்னால் இருந்ததாம். வளையல் இன்னும் கொஞ்சம் சின்னதாகிவிட்டதா, இல்லை பதற்றமா? இவரிடம் சொல்லவில்லை. போய் வந்து சொல்லலாம்.

பெப்ரவரி 22, சனி

கண்டி. செல்வியின் அறை. அவள் சமைக்கிறாள், இவர் குளிக்கிறார். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

ரம்புக்கனையில் கூட்டம் குறைவு. வலது பக்க ஜன்னல் கிடைத்தது. எதிர் எதிர் இருக்கை. எனக்கு எதிரே இவர். பின்னால் இஞ்சின் கொழுவும்போது பெட்டி ஒரு தள்ளுத் தள்ளியது. சின்ன வயசில் தூரத்தில் கேட்ட சத்தம், இப்போது முதுகில்.

முதல் சுரங்கம். பெடியன்கள் ஹூ என்று கத்தினார்கள். பெட்டியில் எல்லோருக்கும் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் எல்லோரும் என் ஆட்கள்.

வெளியே வந்ததும் கெமராவைக் கை நீட்டிப் பிடித்தேன், ஜன்னல் பக்கமாக. பள்ளத்தாக்கு. அடியில் வயல், ஒரு வீட்டுக் கூரை, அதற்கு மேல் காடு, அதற்கும் மேலே மேசை மாதிரி வெட்டின கல்மலை, வானம். எல்லாம் ஒன்றாக. கோடு போட்ட சட்டை இல்லை. மலை என்றால் இதுதானா, இவ்வளவுதானா, இவ்வளவா என்று மாறி மாறித் தோன்றியது.

இவர் விடாமல் பேசிக்கொண்டு வந்தார். "இந்தா அருவி ஒண்ணு வருது பாரு. கீழ வயலுல எரும நிக்குது. அங்க ஒருத்தன் நம்மளுக்குக் கை காட்டுறான் டீச்சர்." குரலில் அவ்வளவு சிரிப்பு.

அகல லென்ஸ். ஜன்னலுக்குப் பிடித்தாலும் திரையின் ஓரத்தில் எதிர் இருக்கையும் விழும். அது இவருக்குத் தெரியாது. இவ்வளவு நம்பர் படித்த மனுசனுக்கு அது தோன்றவே இல்லை.

ஓரத்தில் இவர். வயலைப் பார்க்கவில்லை, எருமையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுக்க ஈரம். துடைக்கக்கூட இல்லை. வாய் மட்டும் அருவி, எருமை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறது. துடைக்க என்ன அவசியம்? என் வட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு இத்தனை மாதமாக இப்படித்தான் அழுதிருக்கிறார். பருப்புக் கல்லுக்கும், மோட்டர் சத்தத்துக்கும், கடைக்குள்ளும். நான் கசாயம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"தெரியுதா டீச்சர்?"

"தெரியுதுங்க."

"முழுசா?"

"முழுசா."

கெமராவை அசைத்தால் துடைத்துக்கொள்வார். மலையைப் பார்க்கிறவள் மாதிரி, இவர் அழுது முடிக்கும் வரைக்கும் அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை கடுத்தது.