விபோர்க்கில் உன்னை இறக்காதவர்

மச்சான்,

உன் மனைவி நேற்று உன் பழைய உதைபந்துச் சப்பாத்துகளை என்னிடம் தந்தார். பையைத் திறந்ததும் நோவெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. இத்தனை வருடமாகியும் அது போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எண்பத்தைந்து நவம்பர். டென்மார்க் அயர்லாந்தில் விளையாடியதை ஒடென்சே அகதி முகாமின் கூடத்தில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். சுவிஸிலும் மொஸ்கோவிலும் தோற்றவர்கள் எப்படி உலகக் கிண்ணத்துக்குப் போவார்கள் என்று கேட்டேன். நீ என் தலையில் குட்டினாய்.

"ஒரு குழுவில அஞ்சு நாடடா. ஒவ்வொருத்தனோடையும் ரெண்டுதரம், அவன்ர ஊரில ஒண்டு, தன்ர ஊரில ஒண்டு. கடைசியில மேல நிக்கிற ரெண்டு பேர் மெக்சிக்கோ போவினம். அங்க வாங்கின அடிய இங்க குடுக்கலாம்."

டென்மார்க் நான்கு கோல் போட்டது. எங்களுக்கே வதிவிட அனுமதி கிடைத்ததுபோல் குதித்தோம்.

அடுத்த கோடையில் ஒடென்சே, விபோர்க், டோஸ்ட்ருப் தமிழ்ப் பொடியன்களும் அப்படியே ஒரு போட்டி வைத்தோம். ஊர் ஊராகப் போய் இரண்டுதரம் விளையாடி, மேலே வந்த இரண்டு அணிகளுக்கு விபோர்க்கில் இறுதியாட்டம். எங்களை அதுவரை இழுத்துக்கொண்டு போனது உன் கால்தான். அன்று எங்கள் மனேஜர் உன் சட்டையைக் கழற்றச் சொல்லித் தன் தம்பிக்குக் கொடுத்தார்.

"டெனிஷ் நகரசபைப் பெரியாக்கள் பாக்க வருகினம். கடற்கரைப் பொடியன் வேண்டாம்."

உன் சாதியைத்தான் அப்படிச் சொன்னார். நான் அவர் கொலரைப் பிடித்தேன். நீதான் என் கையை எடுத்துவிட்டாய். தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வெறும் பெனியனோடு நின்றாய். நாங்கள் படுதோல்வி அடைந்தோம். விளையாடிய எனக்கே உள்ளுக்குள் சந்தோசம்.

போன மாதம் அதே மனிதர், இப்போது சங்கத் தலைவர், மாலையோடு உன் அடக்கத்துக்கு வந்தார். பெட்டியைத் தூக்கும் நேரம் முன்பிடியில் கை வைத்தார். படம் எடுப்பவர் அந்தப் பக்கம்தான் நின்றார். நான் அவர் கையை விலக்கிவிட்டு உன் மகளைக் கூப்பிட்டேன்.

"பொம்பிளைப் பிள்ளை பெட்டி தூக்கிறதோ, தம்பி?" என்றார்.

"ஓம் அண்ணை. இது நீங்கள் ஆள் போடுற ஆட்டமில்லை."

உன் மகள் டெனிஷில் "நான் தூக்குகிறேன்" என்று மட்டும் சொல்லிப் பிடியைப் பிடித்தாள். அவர் மாலைகளுக்குப் பின்னால் போய் நின்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, மச்சான். பொய் சொல்லமாட்டேன்.

குழியடியில் சுவாமியார் பகைவரை மன்னிப்பது பற்றிப் பேசினார். நீ எப்போதோ மன்னித்திருப்பாய் என்று சனம் கதைத்தது. அவர்களுக்கு உன்னைத் தெரியாது. விபோர்க்குக்குப் பிறகு நீ பந்தைத் தொடவில்லை, அந்த மனிதரின் வாசலையும் மிதிக்கவில்லை. செபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மன்னிப்புக்கு இனியும் திறக்கமாட்டேன்.