கழுகுவாயில் இறங்காதீர்கள்

குரல் பதிவு. 2094 மார்ச் 3, காலை

அல்லி தருமராஜ், நுண்ணுயிரியல். பாறை ஓவியக் கணக்கெடுப்புப் பயணம். பாலைவனப் பூங்காக்களில் மூன்று முடிந்தன, இரண்டு பாக்கி. வண்டி ஓட்டுவதும் படம் எடுப்பதும் மீரான். காயல்பட்டினத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். பயணத்தின் முதல் நாள், கைவிடப்பட்ட ஓர் இரும்புச் சுரங்கக் குட்டையில் சக்கரச் சேற்றைக் கழுவினோம். தண்ணீரின் நிறம் சரியில்லை. மாதிரி எடுத்து வைத்திருக்கிறேன். மற்றபடி எல்லாம் சீர்.

மார்ச் 5, மதியம்

கணக்கெடுப்பு மையத்திலிருந்து டெல்மா ரேடியோவில் பேசினாள். "நீங்கள் போய்வந்த மூன்று பூங்காவிலும் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. ஆட்டுக் கூட்டம், கை அச்சுகள், எந்த ஓவியமும் இல்லை. என்ன செய்தீர்கள்?"

விளையாடுகிறாள் என்று மீரான் சிரித்தான். நான் குட்டை மாதிரியை நுண்ணோக்கியில் வைத்தேன். தாதுவைக் கரைக்க யாரோ வளர்த்துவிட்டுப் போன நுண்ணுயிர். இரும்பைத் தின்கிறது. ஓவியங்களின் காவி முழுக்க இரும்பு. நாலாயிரம் வருடம் நின்றவற்றை நாங்கள்தான் சக்கரத்திலும் செருப்பிலும் உள்ளங்கையிலும் ஊர் ஊராக எடுத்துப்போய் அழித்திருக்கிறோம்.

மார்ச் 6, மாலை

கழுகுவாய்ப் பள்ளத்தாக்கு. இங்குள்ள பெரிய ஓவியச் சுவருக்குப் போகாமல் திரும்பிவிட நினைத்தோம். வண்டியின் முன் அச்சு முறிந்துவிட்டது. முறிந்த இடம் கரையான் அரித்த கட்டைபோல் பொடிகிறது.

தகர டப்பா திறக்கும்போது மீரானின் கை கிழிந்தது நேற்று. இன்று அவன் உதடு வெளுத்துக் கிடக்கிறது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே கேட்டான்:

"ரத்தத்துலயும் இரும்புதானே அக்கா?"

ஆமாம் என்றேன்.

மார்ச் 7, காலை

ஹெலிகாப்டர் அனுப்புவதாக டெல்மா சொன்னாள். வேண்டாம் என்றேன். இது ஊருக்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்கி, பள்ளத்தாக்கை மூடச் சொன்னேன். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள்.

மீரான் சண்டை போடவில்லை. மகள் நஸீபாவுக்கு முன்பல் விழுந்ததைப் படத்தில் மட்டும்தான் பார்த்தானாம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு, "முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கலையே" என்றான்.

கேட்கவில்லைதான்.

மார்ச் 8

மீரான் இறந்துவிட்டான். இன்று மதியம், என் மடியில். காகிதம் மாதிரி வெளுத்து.

கடைசியில் ஒன்று சொன்னான். காலையில் நான் ஊற்றுக்குப் போயிருந்தபோது மையத்தைக் கூப்பிட்டிருக்கிறான்.

"அக்காவுக்கு வெயில் ஏறிப் புத்தி பேதலிச்சிருச்சு, அவங்க சொன்னதை நம்பாதீங்கன்னு சொல்லிட்டேன். வருவாங்க. மன்னிச்சிருங்க."

கோபப்பட முடியவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ரேடியோவை எடுத்தேன். ஏரியல் கையோடு வந்துவிட்டது. உள்ளே இரும்பெல்லாம் தூளாகியிருக்கிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. என் விரல் நுனிகளும்... சரி.

மார்ச் 9

ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது. அடுப்புக்கரியால் பாறையில் எழுதியிருக்கிறேன், ஆள் உயரத்துக்கு: இறங்காதீர்கள்.

இறங்குகிறார்கள். புழுதியில் ஒன்றும் தெரியாது அவர்களுக்கு. கத்துகிறேன். விசிறிச் சத்தம்.

ஒரு பெண் ஓடி வருகிறாள். சின்ன வயசு. கையுறை இல்லை. கிட்ட வராதே, கிட்ட... என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா, வந்துட்டோம்."

சொன்னேன். எல்லாம் சொன்னேன். மீரானைக் காட்டினேன். மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறாள். காலையில் கத்தி பட்ட கீறல் என்கிறாள்.

புரிந்துவிட்டது அவளுக்கு. விமானி இன்னும் விசிறியை நிறுத்தவில்லை. அவள் ஹெலிகாப்டர் பக்கம் பின்வாங்கி நடக்கிறாள்.

நில் அம்மா. இங்கேயே இரு, நான் கூட இருக்கிறேன். நில்.

ஓடத் தொடங்கிவிட்டாள்.