முத்திரை குத்திய பாட்டுத்தாள்

ஒசாகா,
26 ஏப்ரல் 1998

மதிப்பிற்குரிய கஜிவாரா ஃபுமியே அம்மா அவர்களுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இந்த வசந்தத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சலவை செய்து அனுப்பிய என் மேல்கோட்டு புதன்கிழமை வந்தது. கூடவே முள்ளங்கி ஊறுகாயும் வைத்திருந்தீர்கள். குளிரில் என் மகனுக்குப் போர்த்திவிட்ட மனசுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு அந்தக் கோட்டைப் போட மனம் வரவில்லை, உள்ளே எடுத்து வைக்கவும் முடியவில்லை. நாற்காலியிலேயே கிடக்கிறது. அந்த நன்றிக்கு நான் உரியவன் இல்லை அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மினோருவுக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. வேலையில் அவனைவிட ஒரு வருடம் மூத்தவன், அதனால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மார்ச் மாதம் முழுக்க ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. ஒருநாள்கூட அவன் கடைசி ரயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போகவில்லை. உங்களிடம் ஃபோனில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பான்.

இதற்கு நடுவில் ஆபீசின் செர்ரிப் பூ பார்க்கும் விருந்து. எங்கள் பிரிவில் யார் கடைக்குட்டியோ அவர்தான் விடியற்காலையில் போய் மரத்தடியில் பாய் விரித்து இடம் பிடிக்க வேண்டும். பாட்டுப் பட்டியலும் அவர் பொறுப்புதான். போன வருடம் மினோரு செய்தான். இந்த வருடம் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. மறுபடியும் அவன் தலையில்தான் விழுந்தது. நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன், அதையும் ஒளிக்க விரும்பவில்லை.

பன்னிரண்டு பாட்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாடிய பூப்பாட்டு, பட்டமளிப்பு அன்று பிரியும்போது பாடுவது, ரேடியோவில் இப்போது ஓயாமல் போடுவது, எங்கள் பிரிவுத் தலைவர் இகராஷி தொண்டை கிழியப் பாடுகிற பழைய பாட்டு ஒன்று. யார் எதைப் பாட வேண்டும், யாருக்குச் சுருதியை இறக்க வேண்டும் என்பதுவரை பக்கத்தில் குறித்திருந்தான். இகராஷி இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். முதல் தடவை, போன வருடப் பாட்டே இருக்கிறது என்றார். இரண்டாம் தடவை கடைசிப் பாட்டைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "அழுமூஞ்சிப் பாட்டெல்லாம் எதுக்குப்பா? பூ பாக்க வர்றமா, எழவு வீட்டுக்கு வர்றமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அது உங்கள் ஊர் நடவுப் பாட்டு. அம்மா பாடுவாங்க என்று அவன் என்னிடம் மட்டும் சொன்னான். "அண்ணே, பன்னெண்டு பாட்ட மனப்பாடம் பண்றதுக்குக் கணக்கு வேலையே தேவல" என்றும் சொன்னான்.

மூன்றாம் தடவை இகராஷி ஒப்புக்கொண்டு அதே தாளில் முத்திரை குத்தினார். எங்கள் ஆபீசில் பென்சில் வாங்கவும் முத்திரை வேண்டும், பாட்டுக்கும் குத்தியது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. முத்திரைக்குக் கீழே அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்: சனிக்கிழமை காலை ஐந்து மணி, ஆற்றங்கரைப் பெரிய மரம், இடம் கைவிட்டுப் போகக்கூடாது, பாட்டு எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். தேதி ஏப்ரல் இரண்டு.

கம்பெனி உங்களுக்கு எழுதியதை எங்களுக்கும் படித்துக் காட்டினார்கள். விடுமுறை நாளில் அவனாக ஆசைப்பட்டு முன்னதாகப் போனானாம். நண்பர்கள் வந்து பேசிக்கொண்டிருக்கும்போது சாய்ந்தானாம். அடுத்த நிமிடமே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்களாம். மூன்றும் பொய்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு பத்து. காலையில் பெய்த தூறல் விட்டிருந்தது, குளிர் விடவில்லை. மரத்தில் சாய்ந்து, தலையைத் தொங்கப் போட்டு, பாட்டுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பாயில் இருந்த பெண்கள், ஒன்பது மணியிலிருந்து தூங்குகிறார், எழுப்பிவிடக் கூடாதென்று மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். ரயிலில் தூங்குபவனையும் கூட்டத்தில் தூங்குபவனையும் நாம் எழுப்புவதில்லையே. உழைத்த களைப்பு என்று ஒரு மரியாதை. அந்த மரியாதையைத்தான் அவனுக்கும் கொடுத்தோம்.

"இப்பவே கவுந்துட்டானா?" என்று ஒருவர் கேட்டார். "விடுப்பா, பய நல்லா உழைச்சிருக்கான். பாட்டப் போடு, தன்னால எந்திரிப்பான்" என்றார் இகராஷி. நான் அவன் மடியிலிருந்து தாளை எடுத்தேன். அப்போது அவன் கை என் கையில் பட்டது. சில்லென்று இருந்தது. பூக்காலத்துக் குளிர் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டேன். கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். பிறகு நாங்கள் கொண்டுபோயிருந்த மைக்கைப் பிடித்து முதல் பாட்டைப் பாடினேன். அவன் காதுகிட்ட வைத்துப் பாடு என்று சிரித்தார்கள். வைத்துப் பாடினேன். இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது பாட்டு முடியும்போது அவன் பக்கவாட்டில் சரிந்தான், கையை ஊன்றவே இல்லை. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தது பன்னிரண்டு நாற்பதுக்கு.

அந்த அரை மணி நேரம் முன்னதாகக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தைரியமில்லை. உங்கள் மகனின் கை குளிர்ந்திருப்பது தெரிந்தும் மூன்று பாட்டு பாடியவன் நான். அழைத்துப் பார்த்திருக்கலாம், தோளை உலுக்கியிருக்கலாம். பூ விருந்தில் சத்தம் போட்டு எல்லோர் மனநிலையையும் கெடுக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

மே ஆறாம் தேதி இகராஷியும் இன்னொருவரும் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள், இகராஷி அழவும் செய்வார். பிறகு ஒரு தாளை நீட்டுவார்கள். அது விருந்து, வேலை இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்வதாக அதில் இருக்கும். கையெழுத்துப் போடாதீர்கள். அவனைப் பிறந்ததிலிருந்து ஊட்டி வளர்த்த கையால் அதை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. போட்டுவிட்டால், உங்கள் பிள்ளை வேலை செய்து செத்தான் என்று தொழிலாளர் அலுவலகத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

பாட்டுத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மழையில் கொஞ்சம் ஊறியிருக்கிறது, முத்திரை நன்றாகத் தெரிகிறது. இதை அந்த அலுவலகத்தில் கொடுங்கள். எப்போது கூப்பிட்டாலும் வந்து, இந்தக் கடிதத்தில் உள்ளதை அப்படியே சொல்கிறேன். என் பெயரையும் மறைக்க வேண்டாம். பிறகு எனக்கு அந்த மேஜை இருக்காது, அது பரவாயில்லை.

பன்னிரண்டாவது பாட்டு இகராஷி அடித்த சிவப்பு மைக்கு அடியில் இருக்கிறது. அவன் எழுத்து, படிக்க முடியும்.

உங்கள் ஊரில் இப்போதுதான் பூத்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிரில் வெகுநேரம் நிற்காதீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே யாராவது மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், பாவம் தூங்கட்டும் என்று விட்டுவிட விடாதீர்கள். தொட்டு எழுப்பச் சொல்லுங்கள்.

தலை வணங்கி,
ஹோரிகாவா தெத்சுயா